அச்சடிக்காமலே மை தீர்வது ஏன்?

மாதத்துக்கு நாலு பக்கம்தான் அச்சடிக்கிறோம். ஆனாலும் மை தீர்ந்துவிட்டது என்கிறது பிரிண்டர். எங்கே போகிறது அந்த மை?

இங்க்ஜெட் பிரிண்டரின் அச்சுத்தலையில் இருப்பவை தலைமுடியைவிட மெல்லிய துளைகள். சில மாடல்களில் ஒரு நுண்ணிய சூடேற்றி சில மைக்ரோ நொடிகளில் மையைக் கொதிக்கவைக்கும். அப்போது எழும் ஆவிக்குமிழ்தான் துளியைத் தாளின்மேல் தள்ளுகிறது. இத்தனை சிறிய துளையில் மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். அதனால் பிரிண்டர் அவ்வப்போது புது மையை இழுத்துத் துளைகளைத் தானே கழுவிக்கொள்கிறது. கழுவிய மை உள்ளேயிருக்கும் உறிஞ்சு பஞ்சில் சேர்ந்து வீணாகிறது. காசு கொடுத்து வாங்கிய மை அது!

லேசர் பிரிண்டரில் இந்தத் தொல்லையே கிடையாது. அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் பிளாஸ்டிக் கலந்த உலர்தூள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காய்ந்துபோகாது. எப்போதாவது, அதுவும் கறுப்பு எழுத்து மட்டும் என்றால் கறுப்பு-வெள்ளை லேசரே சரி. பிள்ளைகளின் புராஜெக்ட், வண்ணப்படம் என்று அடிக்கடி ஓடும் வீட்டுக்கு, தொட்டியில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டர்.

பிரிண்டர் விலையில் மயங்காதீர்கள். மை விலையை, அது தரும் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். 600 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 150 பக்கம் தந்தால், மைக்கு மட்டுமே பக்கத்துக்கு 4 ரூபாய். கடையில் பணம் கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.