அடி வாங்க வாங்க உறுதியாகும் எஃகு: எப்படி?

அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் உள்ள திருத்தணி வழியாக ரயிலில் போகிறவர்களுக்கு, தடம் மாறும் இடத்தில் வரும் 'தடக்' சத்தம் பழக்கமானதுதான். தண்டவாளங்கள் குறுக்கிடும் 'கிராசிங்' மூக்கில் சக்கரங்கள் மோதும் சத்தம் அது. சாதாரண எஃகு அங்கே சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால்தான் இந்திய ரயில்வே கிராசிங்குகளில் மாங்கனீசு எஃகு வார்ப்பைப் பரவலாகப் பயன்படுத்துகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய இந்த எஃகில் சுமார் 12 சதவீதம் மாங்கனீசு. அடி விழும்போது அணு அடுக்குகள் வழுக்கி, படிகங்களுக்குள் மெல்லிய பட்டைகள் உருவாகும். அடுத்த வழுக்கலுக்கு அவையே தடுப்புச் சுவர். மேற்பரப்பு இறுகும், உள்பகுதி உடையாமல் அடியைத் தாங்கும்.

சிக்கல் என்ன?

வார்ப்பின் பெரிய படிகங்கள் மீயொலியைச் சிதறடிக்கும். ஆகவே உள்விரிசலைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்ணால் பார்த்துச் சோதிப்பதை விட்டுவிடவே முடியாது.