எழுத்து ஏன் பெரிதாகவில்லை?

செம்பூரில் எங்கள் வீட்டம்மாவுக்கு மாத்திரை நேரம் சொல்லப் பேரன் ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்தான். கடுகு போன்ற எழுத்து! இரவு மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டார். போனின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கியும் இந்தச் செயலி மட்டும் அசையவில்லை.

காரணம் அலகு. எழுத்தளவை 'டிபி'யில் எழுதினால் படிப்பவர் வைத்த அளவு அதற்கு எட்டாது. 'எஸ்பி'யில் எழுதினால் அதையும் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளும். பேரன் போட்டிருந்தது 14 டிபி. ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்குத் தூரத்தில் நிற்பவர் கண்தானே கணக்கு என்றேன். 14 எஸ்பி ஆக்கினான், எழுத்து வளர்ந்தது. ஆனால் பெட்டியின் உயரத்தைக் கட்டிப்போட்டிருந்ததால் 'இரவு' என்பதில் 'வு'வின் கால் வெட்டுப்பட்டது. உயரத்தையும் எழுத்தோடு வளரவிட்டான். ஆண்ட்ராய்டு 14 (2023) முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அந்த அளவிலும் சோதித்த பிறகே போனை அவரிடம் கொடுத்தோம்.