‘ஏலாது’ என்று சொல்ல ஓர் அவகாசம்

கரண்ட் பில், தண்ணீர் பில் கட்டாத எல்லாரையும் ‘கட்டாதவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். கையில் காசிருந்தும் கட்ட மனமில்லாதவர் அதற்குள் இருக்கிறார். கட்ட ஏலாதவரும் இருக்கிறார். நமது மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியபோது, என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலேயே இந்த இரண்டாம் வகையினரைக் கண்டேன். “காசில்லாட்டி வெட்டத்தானே செய்வாங்க சேர், இதுக்கென்ன சட்டம்?” என்று கேட்டார் ஒரு தகப்பன்.

இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கும் சட்டம் தென்னாபிரிக்காவில் இருக்கிறது. போதிய தண்ணீரைப் பெறுவதை அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 27ஆம் பிரிவில் உரிமையாகவே சொல்கிறது. 1997இல் வந்த நீர்ச் சேவைகள் சட்டம் தண்ணீரை வெட்டுவதற்கு மூன்று நிபந்தனைகளை வைத்தது. நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவித்து, வீட்டார் தம் பக்கத்தைச் சொல்ல இடங்கொடுக்க வேண்டும். கட்ட ஏலாது என்பதை ஒருவர் அதிகாரிகள் ஏற்கும்படி நிரூபித்தால், பணம் கட்டாததற்காக அவருக்கு அடிப்படைத் தண்ணீரை மறுக்கக் கூடாது.

இந்தப் பாதுகாப்பு எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதை 2009 ஒக்டோபரில் அடுத்தடுத்த நாட்களில் வந்த இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. இரண்டும் ஜொஹன்னஸ்பேர்க் நகரம் பற்றியவை. இரண்டையும் வழங்கியது அரசியலமைப்பு நீதிமன்றம்.

ஒன்று மின்சாரம் பற்றியது. ஒரு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் கரண்ட் காசை வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒழுங்காகக் கொடுத்து வந்தார்கள். அவர் நகரத்துக்குக் கட்டவில்லை. அவர்களுக்கு ஒரு சொல் சொல்லாமலே கரண்ட் வெட்டப்பட்டது. பில் யார் பெயரில் இருந்தாலும், குடியிருப்போருக்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றது தண்ணீர். சொவேட்டோவின் பீரி பகுதியில், முன்கூட்டியே காசு போட வேண்டிய மீற்றர்களைப் பூட்டினார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லீற்றர் இலவசம். அது முடிந்ததும் குழாய் தானாக நின்றுவிடும். ஒரே வளவில் பலர் நெருங்கி வாழ்ந்த வீடுகளில் அது மாதம் முடியும்வரை போதவில்லை. இப்படி நிற்பது ‘துண்டிப்பு’ அல்ல, தற்காலிக ‘இடைநிறுத்தம்’ என்றது நீதிமன்றம். ஆகவே முன்னறிவித்தலும் தேவைப்படவில்லை. குடிமக்கள் தோற்றார்கள்.

தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. குடம் வெறுமையாக இருக்கும் வீட்டில் துண்டிப்புக்கும் இடைநிறுத்தத்துக்கும் என்ன வித்தியாசம்? சட்டத்தில் வித்தியாசம் உண்டு: துண்டிக்க வருகிறவர் முதலில் நம் பேச்சைக் கேட்க வேண்டும், மீற்றருக்குக் காது கிடையாது.

அந்தத் தகப்பனின் கேள்விக்கு என் பதில் இதுதான். கடனுக்கும் வெட்டுக்கும் இடையில் கிடைக்கும் சில நாள்தான் ஏழைக்கு மிஞ்சும் பாதுகாப்பு. சிவப்பு அறிவித்தல் வந்தால் அதை ஒளித்துவைக்க வேண்டாம். ஏலாமையை எழுத்தில் எழுதி, தவணை கேட்டு, பிரதியொன்றைக் கையில் வையுங்கள். நாளைக்குக் காசு போடும் மீற்றர் நம் வாசலுக்கு வந்தால், முதலில் கேளுங்கள்: இதில் ‘ஏலாது’ என்று யாரிடம் சொல்வது?