எட்டே முக்காலா, பதினொன்றா?

எதிர்வீட்டு அக்கா இரண்டு விலைச்சீட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார். மகன் இந்த வருடம் சென்னையில் பொறியியல் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு டேப் வேண்டுமாம்.

"தம்பி, இதுல பேட்டரி 5100னு போட்டிருக்கான், அதுல 6650னு போட்டிருக்கான். பெரிய நம்பரையே வாங்கிடலாமா?"

"அதை அப்புறம் பாப்போம்க்கா. பையன் எங்க வச்சுப் படிப்பான்?"

"போக வர ட்ரெயின்லதான். வீட்டுக்கு வந்தா தூங்கிடுறான்."

கடையில் யாரும் இந்தப் பதிலைச் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. அளவு, வேகம், பேட்டரி என்ற மூன்றையும் முடிவு செய்யப்போவது இதுதான். எங்கள் ஊர் வேப்பம்பட்டுக்குச் சென்னை போகும் காலை வண்டி வரும்போதே நிறைந்துதான் வரும். திருவள்ளூரிலும் அதற்கு அப்பாலும் ஏறியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நமக்குக் கிடைப்பது மேலே தொங்கும் கைப்பிடி. ஒரு கை அதற்குப் போய்விட்டால் மீதி ஒரு கையில்தான் டேப்.

ஆகவே முதலில் எடை. அக்கா கொண்டுவந்த இரண்டும் 8.7 அங்குலம். ஒன்று சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, 332 கிராம். மற்றது ரெட்மி பேட் எஸ்இ 8.7, 373 கிராம். இதே சாம்சங்கில் 11 அங்குல ஏ9 பிளஸ் 480 கிராம். ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட் ஏறக்குறைய அந்தக் கனம்தான். அதை ஒரு கையில் நெஞ்சளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு வேப்பம்பட்டிலிருந்து ஆவடி வரை நின்று பாருங்கள். மணிக்கட்டு பதில் சொல்லிவிடும். உறை போட்டால் எடை இன்னும் கூடும்.

ஆனால் சின்னத் திரையில் படிக்க முடியுமா? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். திரையின் அங்குலம் மூலைக்கு மூலை அளப்பது, அகலம் அல்ல. 11 அங்குல டேபை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 148 மில்லிமீட்டர். 8.7 அங்குலத்தில் சுமார் 113, பாக்கெட் நாவலைவிடச் சற்றுத்தான் பெரிது. கல்லூரிப் பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் நோட்ஸ் எல்லாம் ஏ4 தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அதை முழுப்பக்கமாகத் திறந்தால் 12 புள்ளி எழுத்து 11 அங்குலத்தில் எட்டரைப் புள்ளி போலவும், 8.7இல் ஆறரைப் புள்ளி போலவும் சுருங்கும். ஆறரைப் புள்ளி என்றால் மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து. ஓடும் வண்டியில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

வழி இருக்கிறது. சின்ன டேபைப் படுக்கவைத்துப் பிடித்தால் அகலம் 190 மில்லிமீட்டர் ஆகிவிடும். எழுத்து கிட்டத்தட்ட அச்சில் இருக்கும் அளவுக்கு வந்துவிடும். பக்கத்தின் மேல்பாதி, பிறகு கீழ்ப்பாதி என்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படிக்கலாம். நான் இப்படித்தான் படிக்கிறேன்.

இனி அக்காவின் 5100, 6650. இது எம்ஏஎச், பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி எத்தனை லிட்டர் என்பது போல. தொட்டி பெரிது என்பதால் மட்டும் தண்ணீர் நாளை வரை வந்துவிடாது, வீட்டில் எத்தனை குழாய் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். டேபில் மூன்று பெரிய குழாய்கள்: திரை, பிராசசர், சிக்னல் தேடும் ஆன்டெனா. திரைதான் டேப் விழித்திருக்கும் நேரமெல்லாம் திறந்தே கிடக்கும் குழாய்.

ஆப்பிள் தரும் எண்களில் இது பளிச்சென்று தெரியும். அந்த நிறுவனம் எம்ஏஎச் போடுவதில்லை, வாட்-மணி போடுகிறது. 8.3 அங்குல ஐபேட் மினியில் சுமார் 19 வாட்-மணி. 2025இல் வந்த சாதாரண ஐபேடில் சுமார் 29, அதாவது ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் ஆப்பிள் சொல்வது ஒரே 10 மணி நேரம்தான். கூடுதலாக வைத்த பேட்டரியை எல்லாம் பெரிய திரை குடித்துவிட்டது. சாம்சங்கிலும் அதே கதை: ஏ9-இலிருந்து ஏ9 பிளஸுக்குப் போகும்போது திரையின் பரப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு கூடுகிறது, பேட்டரியோ 5100இலிருந்து 7040க்கு, 1.4 மடங்குகூட இல்லை. "பெரிய டேப், அதனால் பேட்டரி அதிக நேரம் வரும்" என்று கடையில் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுங்கள்.

எம்ஏஎச்சை 3.85ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி ஓரளவு சரியாகவே வந்துவிடும். 7040 என்பது 27 வாட்-மணி. வீடியோ பார்க்கும்போது டேப் 3 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 9 மணி நேரம். வெயிலில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்து கேம் ஆடி அது 6 வாட் ஆனால் நாலரை மணி நேரம். சார்ஜ் ஏறுவதற்கும் இதே கணக்குதான். 15 வாட் சார்ஜரில் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பழைய போனின் 5 வாட் சார்ஜரில் ஓர் இரவு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தும் நாளில் இந்த வித்தியாசம் தெரியும்.

வேகத்துக்கு வருவோம். சாம்சங் ஏ9-இல் இருப்பது ஹீலியோ ஜி99, ரெட்மியில் ஹீலியோ ஜி85. ஜி85 என்பது 12 நானோமீட்டர் முறையில் செய்த சிப், ஜி99 6 நானோமீட்டர். அந்த எண் குறையக் குறையச் சிப்புக்குள் இருக்கும் சுவிட்சுகள் சிறியவை, அதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் முடிப்பவை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆக ரெட்மிக்குத் தொட்டி பெரிது, சாம்சங்குக்குக் குழாய் சிறிது. பிடிஎஃப் படிப்பவனுக்குச் சிப்பின் செலவு பெரிதில்லை, திரைதான் செலவு. அந்த வகையில் அக்கா சொன்ன "பெரிய நம்பர்" தற்செயலாகச் சரியாகவே இருக்கிறது. ரேம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 4 ஜிபியில் ஆன்லைன் வகுப்பும் நோட்ஸும் மாறி மாறித் திறந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏறும். 6, முடிந்தால் 8.

அளவு, வேகம், பேட்டரி மூன்றுக்கும் இடையே நடக்கும் இழுபறி புதிதல்ல. நோக்கியா 2005இல் 'இன்டர்நெட் டேப்லெட்' என்றே பெயர் வைத்து 770 என்ற மாடலை இறக்கியது. 4.1 அங்குலத் திரை, 64 எம்பி ரேம், 1500 எம்ஏஎச் பேட்டரி. சிம் கிடையாது, இணையத்தில் மேய்ந்தால் மூன்று மணி நேரம் வரும். அடுத்த வருடம் நம் ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யத் தொடங்கி, இந்தப் பக்கத்து இளம்பெண்கள் ஏராளமானோருக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பரில் மூடிப்போனதே, அதே நோக்கியாதான். அந்த வளாகத்தைப் பின்னால் வாங்கிய சால்காம்ப் அங்கே செய்வது சார்ஜர்!

2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் டேபும் நினைவிருக்கும். மாணவர்களுக்கான மலிவு டேப், திரை 7 அங்குலம். ஆனால் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 2100 எம்ஏஎச், விரலால் அழுத்தினால்தான் கேட்கும் திரை. விலையைப் பிடித்துக்கொண்டதில் மற்றவை விழுந்தன. அடுத்த வருடமே ஆகாஷ் 2 வந்தது. அதில் 1 கிகாஹெர்ட்ஸ், 3000 எம்ஏஎச், தொட்டாலே கேட்கும் திரை. அளவு மட்டும் அதே 7 அங்குலம்.

ஒரு விஷயம் விலைச்சீட்டில் வராது: நம் ஊர் வெயில். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை. மே மாதத்தில் திருவள்ளூர்ப் பக்கம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். என்னுடைய பழைய டேப் (பெயர் வேண்டாம்) ஒரு கோடை முழுவதும் ஜன்னலோர மேஜையில் சார்ஜிலேயே கிடந்தது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் முதுகு உப்பியிருந்தது. திரை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு, உள்ளே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பேட்டரி ஊதிவிட்டது. அப்படி ஆனதை அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

சரி, அக்கா வீட்டுக்கு எது? பையன் வண்டியில் போக ஒரு மணி, வர ஒரு மணி படிப்பான். 5100 போதும், 6650உம் போதும், ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டால் இரண்டுமே மறுநாள் மாலை வரை தாங்கும். அவனுக்குத் தெரியாத வித்தியாசத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுப்பதில் பொருளில்லை. நாலு வருடம் ஓட்ட வேண்டிய டேப், ஆகவே கனம் குறைந்த, ஜி99 உள்ள ஏ9, ரேம் கூடிய மாடலாக. வகுப்பறை மேஜையில் வைத்தே வேலை பார்க்கும் ஆசிரியை என்றாலோ வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கும் பையன் என்றாலோ, நான் யோசிக்காமல் 11 அங்குலத்தைச் சொல்லியிருப்பேன். நாள் முழுக்க வெளியே அலைந்து, சார்ஜ் போட இடமில்லாமல் கணக்கெடுக்கிற வேலை என்றால் ரெட்மி. கடைக்குப் போகும் நாளில் இந்த மாடல்களின் அடுத்த வரிசை வந்திருக்கலாம். பார்க்க வேண்டியது அதே நாலு எண்கள்: கிராம், அங்குலம், நானோமீட்டர், எம்ஏஎச்.

சிம் போடும் மாடலா, வைஃபை மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வைஃபை மாடல் என்றால் வண்டியில் போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்ப வேண்டும், டேபுக்கு முன்னால் போன் படுத்துவிடும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் பாருங்கள், கம்பி மட்டும் வைத்துத் தருகிற மாடல்களும் உண்டு. பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். கடையில் இரண்டு வருடம் கிடந்த டேப் என்றால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் இரண்டு வயது. அதைப் பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.