வீட்டுக் கணினியில் அறிமுகமில்லாத பயனர் கணக்கு

கணினியின் உள்நுழைவுத் திரையிலோ பயனர் பட்டியலிலோ வீட்டில் எவரும் உருவாக்காத ஒரு பெயர் இருந்தால், அது அறிமுகமில்லாத பயனர் கணக்கு எனப்படும். அது இயங்குதளமே வைத்திருக்கும் கணக்காக இருக்கலாம், முன்பு பயன்படுத்தியவர் விட்டுச்சென்றதாக இருக்கலாம், வெளியார் ஒருவர் நுழைந்து உருவாக்கியதாகவும் இருக்கலாம். எது என்று தெரியும் முன்பே அதை அழித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வட சென்னையில் இச்சிக்கல் எழ வாய்ப்பு அதிகம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் பல வீடுகளில் ஒரே கணினியைப் பிள்ளைகளும் பெற்றோரும் உறவினரும் பகிர்ந்துகொள்கின்றனர். கப்பல் பணிக்குச் செல்வோரின் கடவுச்சீட்டு, பணிச் சான்றுகள், துறைமுக ஒப்பந்தப் பணியாளர்களின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் அதே வன்தட்டில் கிடக்கின்றன. நிர்வாகி உரிமை பெற்ற வேற்றாள் ஒருவரால் இவை அனைத்தையும் திறக்க முடியும்.

அரசு மடிக்கணினிகளும் பழைய கணினிகளும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கொள்முதலை எல்காட் நிறுவனம் கவனித்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த கருவிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. இரண்டு இயங்குதளங்களுக்கும் பயனர் பட்டியல் தனித்தனி. ஒன்றில் நீக்கிய பெயர் மற்றொன்றில் அப்படியே இருக்கும். கணினி வேறு இயங்குதளத்தில் தொடங்கும் நாளில் "யாரோ புதிதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்" என்ற அச்சம் எழுவது இதனால்தான்.

அக்காள் படித்து முடித்து, தம்பிக்கு வந்த மடிக்கணினியில் பழைய பெயர் இருப்பது இயல்பு. ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் வாங்கிய பழைய கணினி வேறு வகை. அதில் முந்தைய உரிமையாளரின் கணக்கு இருந்தால், அதை மட்டும் நீக்கிவிட்டுப் பயன்படுத்துவதைவிட இயங்குதளத்தையே புதிதாக நிறுவுவது நல்லது. அவர் வேறு என்னென்ன மென்பொருள் விட்டுச்சென்றார் என்பது பட்டியலில் தெரியாது. நிறுவனத்தின் கணக்கோடு இணைந்த கணினியாக இருந்தால், அதை விற்றவரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும்.

அச்சம் தேவையில்லாத பெயர்கள்

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'நெட் யூசர்' என ஆங்கிலத்தில் இட்டால் எல்லா உள்ளூர்க் கணக்குகளும் தெரியும். அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், டிஃபால்ட்அக்கவுண்ட் ஆகியவையும் 'டபிள்யூ.டி.ஏ.ஜி.' என்று தொடங்கும் நீண்ட பெயரும் விண்டோஸ் வைத்திருப்பவை. இவை வழக்கமாக முடக்கப்பட்ட நிலையில் இருக்கும், உள்நுழைவுத் திரையில் தோன்றா. இவற்றை அழிக்க முயலக் கூடாது. ஆனால் இவற்றில் ஒன்று செயல்படும் நிலைக்கு மாறியிருந்தால், மாற்றியது யார் என்று கேட்க வேண்டியதுதான். சில வரைகலை அட்டைகளின் மென்பொருள்கூட ஒரு காலத்தில் தன் புதுப்பிப்புப் பணிக்காகத் தனிக் கணக்கை உருவாக்கியது.

பாஸ் போன்ற டெபியன் வழி லினக்ஸில் பயனர் கோப்பைத் திறந்தால் பல பெயர்கள் வரிசையாக நிற்கும். மனிதருக்கான கணக்கு எண்கள் பொதுவாக 1000-இல் தொடங்குகின்றன. அதற்குக் கீழுள்ளவை பெரும்பாலும் இயங்குதளத்தின் பணிகளுக்கானவை.

ஆராயும் முறை

முதலில் வீட்டில் கேட்க வேண்டும். விளையாட்டுக்காகப் பிள்ளைகளோ, பழுது பார்க்க வந்தவரோ உருவாக்கியதாகவே பல நேரங்களில் முடியும். பழுது பார்ப்பவர் வேலை முடிந்த பின்னும் நிர்வாகிக் கணக்கை விட்டுச்செல்வது சரியான பழக்கம் அன்று. அதைக் கேட்டு நீக்கச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

எவருக்கும் தெரியவில்லையெனில் அதன் உரிமை என்ன, எப்போது உருவானது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் அப்பெயர் இருந்தால் ஆபத்து அதிகம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில், பாதுகாப்புப் பிரிவில், புதிய கணக்கு உருவானது 4720 என்ற எண்ணிலும் உள்நுழைவு 4624 என்ற எண்ணிலும் பதிவாகும். பதிவேடு நிறைந்ததும் பழைய வரிகள் மேலெழுதப்படும். எனவே நாள் கடத்தக் கூடாது. பயனர் கோப்புறையின் தேதியை மட்டும் நம்புவதும் சரியன்று. அது கணக்கு உருவான நாளைக் காட்டாது, முதல்முறை உள்நுழைந்த நாளையே காட்டும்.

அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கக்கூடும். வங்கி அதிகாரி என்றோ கணினி நிறுவனம் என்றோ பேசி, எனிடெஸ்க் போன்ற தொலைநிலைச் செயலியை நிறுவச் சொல்லும் மோசடி பரவலானது. எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. செயலி தன்னளவில் முறையானதே. அதன் இணைப்பு எண்ணை அந்நியருக்குச் சொல்வதில்தான் கேடு இருக்கிறது.

முடக்குதலும் நீக்குதலும்

சந்தேகம் வலுத்தால் முதல் வேலை இணைய இணைப்பைத் துண்டிப்பது. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கணக்கை அழிக்காமல் முடக்கி வைக்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளின் வழியாகக் கணக்கை நீக்கினால் அதன் ஆவணங்களும் சேர்ந்து போகும். அது அண்ணனின் பழைய கணக்கு என்று பிறகு தெரிந்தால், அவருடைய திட்டக் கட்டுரையும் போயிருக்கும். மறையாக்கம் செய்த கோப்புகளாக இருந்தால் மீட்பது மிகக் கடினம்.

மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். அதே கணினியில் மாற்றினால், விசை பதிவு செய்யும் மென்பொருள் இருக்கும் பட்சத்தில் புதிய சொல்லும் களவு போகும். நீக்கிய பெயர் மீண்டும் முளைத்தால் உள்ளே வேறு தீநிரல் இருப்பதாகக் கொண்டு, சொந்த ஆவணங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். அதன் பின் அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு போதும்.

அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் தரலாம். முடக்கி வைத்த கணக்கும், எடுத்து வைத்த படங்களும் அப்போது சான்றாகப் பயன்படும்.