சேற்றில் கிடைத்த திப்பு ராக்கெட்டுகள்!

சித்தூர், திருப்பதியில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் பெருமாள் தரிசனம் முடிந்த மறுநாள் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போவதுண்டு. (வெள்ளிக்கிழமை விடுமுறை, ஏமாந்து திரும்புவோரும் உண்டு.) ராஜமகாலில் உள்ள தொல்பொருள் துறை மியூசியத்தில் கிருஷ்ணதேவராயர் சிலைமுன் நிற்பவர்கள், வாள்களையும் குத்துவாள்களையும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் இது யுத்தம் நடந்த பூமி. 1782-ல் இந்தக் கோட்டை ஹைதர் அலியிடம் சரணடைந்தது. 1792 வரை மைசூர் வசம் இருந்தது. அதே 1782 டிசம்பர் 7-ந் தேதி, சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ராஜபிளவை கண்டு ஹைதர் இறந்தார். மகன் திப்பு அப்போது மலபாரில். சேதி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். ஆகவே உடலைப் பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டி போகிற பாவனையில் கோலாருக்கு அனுப்பிவிட்டார்கள்!

அந்த யுத்தங்களின் சின்னங்கள் எங்கே? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் உயர்ந்த சரக்கெல்லாம் கப்பலேறியது. வெள்ளைக்காரனைக் கவ்வும் மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் நிற்கிறது. திப்புவின் வாள் ஒன்று 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று.

பொன் வேலைப்பாடு செய்த வாளுக்கு ஆள் உண்டு. துருப்பிடித்த இரும்பை யார் சீந்துவார்?

கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம் நகராவில், 2002-ல் 160-க்கு மேற்பட்ட இரும்புக் குழாய்கள் கிடைத்தன. அவை திப்பு காலத்து ராக்கெட்டுகள் என்று தெரியவந்தது 2007-ல்தான். அதன்பின் 2018 ஜூலையில், அங்கே ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டினார்கள். சேற்றில் வெடிமருந்து வாடை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட்டுகள் வெளிவந்தன! ஷிமோகா சிவப்ப நாயக்கர் அரண்மனை மியூசியம் அவற்றுக்கு இடம் கொடுத்தது. 1780-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைக் கதிகலங்க வைத்தது இந்த வகை ஆயுதம்தான். பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுக்கும் மைசூர் ராக்கெட்டே முன்மாதிரி.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கிணறு வெட்டுகிறவர், அஸ்திவாரம் தோண்டுகிறவர் மண்வெட்டியிலும் இப்படி ஏதாவது தட்டுப்படலாம். பீரங்கிக் குண்டோ, உடைந்த கத்தியோ, அதைக் கழுவித் தேய்க்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்வது முக்கியம். இடம் தெரியாவிட்டால் மியூசியத்துக்கும் அது வெறும் இரும்பே. மண்ணில் புதைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். சர்க்கார் அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. காயலான் கடையில் அந்த ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காது.