செவ்வாய்: அஞ்ச வேண்டிய கிரகமா, அல்லாஹ்வின் அத்தாட்சியா?



செவ்வாய்க்கிழமை சம்பந்தம் பேசப் போகலாமா என்று விருதுநகர், சிவகாசிப் பகுதிகளில் நம் சமுதாயத்தாரே கேட்பதைக் காண்கிறோம். அந்தக் கிழமைக்குப் பெயர் தந்த கிரகம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த அச்சம் நீங்கும்.

செவ்வாய் ஒரு பாறைக் கோளம். விட்டம் சுமார் 6,780 கி.மீ.; பூமியில் பாதியளவு. அங்கே ஒரு சுழற்சிக்கு 24 மணி 37 நிமிடம் ஆகிறது. சூரியனைச் சுற்றிவர நமது 687 நாட்கள் தேவை. ஈர்ப்பு குறைவு என்பதால், இங்கே 50 கிலோ காட்டும் அரிசி மூட்டையை அங்கே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால் 19 கிலோதான் காட்டும். அங்குள்ள ஒலிம்பஸ் எரிமலையின் உயரம் ஏறத்தாழ 22 கி.மீ.

அதன் சிவப்பு கோபத்தின் நிறமல்ல, இரும்புத் துருவின் நிறம். நம் ஊர் மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பால் வருகிறது. செவ்வாயின் சிவப்பு மண்ணிலுள்ள இரும்பால் வருகிறது. இன்னொரு செய்தி பட்டாசுத் தொழில் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும். வெடியுப்பைப் போலவே மருந்து எரிவதற்கு ஆக்சிஜன் தரும் பெர்குளோரேட் உப்புகள் செவ்வாய் மண்ணில் இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. ஆனால் காற்றில் சுமார் 95 சதவீதம் கரியமில வாயு. காற்றழுத்தமோ பூமியில் இருப்பதில் ஒரு சதவீதத்திற்கும் குறைவு. சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 60 டிகிரி. ஒரு மூச்சுகூட நம்மால் அங்கே விட முடியாது.

இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. திட்ட இயக்குநர் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த சுப்பையா அருணன். புறப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை! 2014 செப்டம்பர் 24இல் முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். தம் வீட்டுத் துக்கத்திலும் மூடநம்பிக்கைக்கு அவர்கள் இடம் தரவில்லை.

துருப்பிடித்த ஒரு பாறைக்குப் பயந்து நம் பெண் பிள்ளைகளின் நிக்காஹைத் தள்ளிப்போடலாமா? மாப்பிள்ளையின் மார்க்கப் பற்றையும் நற்குணத்தையும் பார்ப்போம். நன்மை தீமை இரண்டும் அல்லாஹ்வின் கையில்தான் என்று நம்புவோம். வல்ல ரஹ்மான் நமக்குத் தெளிவைத் தருவானாக! ஆமீன்.